ஆணி அடித்தால் வலிக்காத குளம்பு, குதிரையின் உயிரை வாங்குவது எப்படி?

நீங்கள் மூன்று கேள்விகளை ஒன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். லாடம் அடிக்கும்போது குளம்பில் ஆணி இறங்கினாலும் குதிரைக்கு வலிக்காது என்கிறார்களே, உண்மையா? நாள் முழுக்க நின்றபடியே இருக்கும் பிராணிக்குக் கால் கடுக்காதா? குளம்பு வெறும் நகம்தான் என்றால், குளம்பில் நோய் வந்த குதிரையைச் சில சமயம் காப்பாற்றவே முடியாமல் போவது ஏன்? உங்களை உறுத்துவது மூன்றாவது கேள்விதான் என்று படுகிறது, ஏனென்றால் முதல் கேள்விக்குக் கிடைத்த பதிலோடு அது முட்டுகிறது. வெளியே தெரியும் குளம்பு உணர்ச்சியற்றது, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தக் குளம்புக்கும் உள்ளே இருக்கும் எலும்புக்கும் நடுவே ஓர் ஒட்டு இருக்கிறது. குதிரையின் எடை முழுவதையும் தாங்குவது அந்த ஒட்டு. அதில் நரம்பும் உண்டு, ரத்தமும் உண்டு.

முதலில் குதிரை எதன்மேல் நிற்கிறது என்று பார்த்துவிடலாம். ஒவ்வொரு காலிலும் ஒரே ஒரு விரலின் நுனியில் நிற்கிறது. நம் கணக்கில் அது நடுவிரல். முன்னங்காலில் 'முட்டி' என்று நாம் சொல்லும் மூட்டு உண்மையில் மணிக்கட்டு. பின்னங்காலில் பின்பக்கமாகத் துருத்திக்கொண்டிருக்கும் மூட்டு கணுக்கால். பின்காலின் நிஜ முழங்கால் மேலே, வயிற்றை ஒட்டி இருக்கிறது. முட்டிக்குக் கீழே இருக்கும் நீண்ட எலும்பின் இரு பக்கமும் பென்சில் கனத்தில் இரண்டு சிற்றெலும்புகள் ஒட்டியிருக்கும். மறைந்துபோன பக்கத்து விரல்களின் மிச்சம் அவை. நடைமுறைக்கு முக்கியமான செய்தி வேறு: முட்டிக்குக் கீழே சொல்லிக்கொள்ளும்படி தசையே கிடையாது. எலும்பு, தசைநாண், மூட்டுகளை இணைக்கும் நார், தோல், அவ்வளவுதான். காலை மடக்குவதும் நீட்டுவதும் மேலே இருக்கும் தசைகளின் வேலை. இழுவை மட்டும் நீண்ட தசைநாண்கள் வழியாகக் கீழே வருகிறது. அடிக்கால் எடை குறைவாக இருப்பதால் காலை வேகமாக வீச முடிகிறது. அதே காரணத்தால், அங்கே அடிபட்டால் மெத்தென்று தாங்க எதுவும் இல்லை.

இப்போது குளம்பு. தரையில் நிற்கும் குதிரையிடம் நமக்குத் தெரிவது குளம்புச் சுவர். மயிர் முடிகிற விளிம்பிலிருந்து அது கீழ்நோக்கி வளர்கிறது. மாதத்துக்கு ஏறக்குறைய 6 முதல் 10 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். முன்பக்கச் சுவர் முழுக்கப் புதிதாக மாற 9 முதல் 12 மாதம் ஆகும். குதிப்பக்கம், அதாவது குளம்பின் பின்பகுதி, குட்டை என்பதால் அங்கே அதில் பாதிக் காலம் போதும். இந்தக் கணக்கு மனதில் இருக்கட்டும், பின்னால் தேவைப்படும். காலைத் தூக்கி அடியைப் பார்த்தால், சுவரின் விளிம்புக்குள் சற்றே குழிந்த அடிப்பகுதி தெரியும். அதன் நடுவில், பின்பக்கத்திலிருந்து முன்னோக்கிக் கூராக முடிகிற முக்கோணம் ஒன்று ரப்பர்போல இருக்கும். ஃபிராக் என்பது அதைத்தான். சுவரும் அடிப்பகுதியும் சேரும் இடத்தில் சில மில்லிமீட்டர் அகலத்தில் வெளிர்மஞ்சள் வளையம் ஓடும். அதற்கு வெள்ளைக் கோடு என்று பெயர். லாடம் அடிப்பவரின் கண் முழுக்க இந்தக் கோட்டின்மேல்தான் இருக்கும். அதற்கு வெளியே உள்ளது உயிரற்ற பகுதி, உள்ளே போகப்போக உயிருள்ள பகுதி நெருங்குகிறது.

சுவருக்குள்ளே, குளம்பின் வடிவத்திலேயே, விரலின் கடைசி எலும்பு இருக்கிறது. பெட்டிக்குள் வைத்த பொருள்போல அது அடித்தளத்தின்மேல் உட்கார்ந்திருப்பதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை, அது சுவரிலிருந்து தொங்குகிறது. சுவரின் உட்புறம் முழுக்க மேலிருந்து கீழாக மெல்லிய மடிப்புகள் வரிசையாக நிற்கின்றன, ஒரு குளம்புக்கு 550 முதல் 600 வரை. ஒவ்வொரு மடிப்பின்மேலும் நூற்றுக்கு மேற்பட்ட நுண்மடிப்புகள். எலும்பைப் போர்த்தியிருக்கும் சதையிலும் இதே மாதிரி மடிப்புகள். இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்கின்றன. இந்த மடிப்புகளுக்கு லாமினே என்று பெயர். சின்ன இடத்துக்குள் ஒட்டும் பரப்பு பல மடங்கு பெருகுவதால்தான் 500 கிலோ உடம்பு இந்தப் பிடியில் நிற்க முடிகிறது. சதைப்பக்க மடிப்புகளில் ரத்தநாளமும் நரம்பும் நிறைய. சுவர்ப்பக்க மடிப்புகளில் இரண்டும் இல்லை.

ஆக, ஆணி விஷயம் எளிது. சரியாக அடித்த ஆணி வெள்ளைக் கோட்டின் வெளிவிளிம்பில் நுழைந்து, சுவரின் கனத்துக்குள்ளேயே ஏறி, ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் வெளியே வந்துவிடும். ஆணி முனையின் ஒரு பக்கம் சாய்வாகச் சீவப்பட்டிருக்கும். அந்தப் பக்கம் உள்ளே பார்த்தபடி வைத்து அடித்தால் ஆணி வளைந்து வெளிப்பக்கமாகப் போகும். திருப்பி வைத்தால் சதையைத் தேடிப் போகும். வெளியே வந்த முனையை முறுக்கி எடுத்து, மீதியைச் சுவரோடு மடக்கி, அரத்தால் சமப்படுத்துவார்கள். வழக்கமாக ஒரு லாடத்துக்கு ஆறிலிருந்து எட்டு ஆணி. குளம்பின் மிக அகலமான இடத்துக்குப் பின்னால் ஆணி வைப்பதைத் தவிர்ப்பார்கள்; எடை விழும்போது குதிப்பகுதி சற்று விரிய வேண்டும், அங்கே ஆணி இருந்தால் அது நடக்காது. லாடம் தேயாவிட்டாலும் குளம்பு வளர்ந்துகொண்டே இருப்பதால், ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கொரு முறை கழற்றி, சீவி, மறுபடி அடித்தாக வேண்டும்.

தவறு இரண்டு விதமாக நடக்கும். ஆணி நேராக உயிருள்ள பகுதியைக் குத்திவிட்டால் குதிரை உடனே காலை இழுக்கும், ஆணித்துளையில் ரத்தம்கூடத் தெரியலாம். உடனே ஆணியை எடுத்து, துளையைச் சுத்தம் செய்து மருந்து வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கும். இன்னொரு தவறு நைசானது. ஆணி சதையைத் தொடவில்லை, ஆனால் நெருங்கிப்போய் அழுத்துகிறது. லாடம் அடித்தபோது ஒன்றும் தெரியாது. ஓரிரு நாள் கழித்து நொண்டும். லாடம் மாற்றிய சில நாளுக்குள் நொண்டல் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஆணியைத்தான். அனுபவம் உள்ளவர்கள் சுத்தியலின் சத்தத்தையும் கவனிப்பார்கள். நல்ல சுவருக்குள் போகும் ஆணி அடிக்கு அடி கெட்டியான ஒலி தரும். மென்மையான இடத்துக்குத் திரும்பினால் ஒலி மங்கி, ஆணி சுலபமாக இறங்கும்.

அடுத்து, நிற்பது. கால் கடுக்காததற்குக் காரணம், நிற்பதற்குக் குதிரை தசைகளை அதிகம் நம்புவதில்லை. முன்னங்காலில் தோள்முதல் குளம்புவரை தசைநாண்களும் நார்களும் சேர்ந்து மூட்டுகள் மடங்காமல் பிடித்துக்கொள்கின்றன. குளம்புக்கு மேலே இருக்கும் மூட்டு எடையின் கீழ் தரையை நோக்கிச் சரியாமல், பின்னாலிருந்து ஒரு தொட்டில்போலத் தாங்கிக்கொள்வதும் இந்த நார்கள்தான். பின்காலில் ஏற்பாடு இன்னும் சுவாரஸ்யமானது. முழங்கால் சில்லைத் தொடையெலும்பின் உள்பக்கத்து முண்டின்மேல் கொக்கிபோல மாட்டிக்கொள்ளும். முழங்காலும் கணுக்காலும் சேர்ந்தேதான் மடங்கும், சேர்ந்தேதான் நீளும் என்ற அமைப்பு இருப்பதால், ஒன்று பூட்டினால் மற்றதும் பூட்டிவிடும். அந்தக் காலில் எடையைப் போட்டுவிட்டு, மறு பின்காலைக் குளம்பு நுனி மட்டும் தரையில் படும்படி தளர்த்தி வைக்கும். சில நிமிடத்துக்கொரு முறை கால் மாற்றும். சில குதிரைகளுக்கு இந்தப் பூட்டு வேண்டாத நேரத்தில் மாட்டிக்கொண்டு, பின்கால் விறைத்துப் பின்னால் இழுபடுவதும் உண்டு. இளம் குதிரைகளிலும் தசை வலு குறைந்தவற்றிலும் இதை அதிகம் பார்க்கலாம்.

நின்றபடி வருவது மேலோட்டமான தூக்கம். கனவு வரும் ஆழ்ந்த தூக்கத்தில் தசைகள் முழுக்கத் தளர்ந்துவிடும் என்பதால் அதற்குக் குதிரை படுத்தே ஆகவேண்டும். ஒரு நாளைக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் போதும், ஆனால் அது கட்டாயம். படுக்க இடம் போதாமலோ, பயத்தாலோ, மூட்டு வலியாலோ நாள்கணக்கில் படுக்காத குதிரை, நின்றபடியே கண்ணயர்ந்து முன்முட்டி மடிந்து சரியும். முட்டியின் முன்பக்கத்தில் அடிக்கடி புதுச் சிராய்ப்பு தெரிந்தால் இதையும் யோசியுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன்: பின்காலைத் தளர்த்தி நிற்பது இயல்பு, முன்காலை நீட்டி ஓய்வு கொடுப்பது இயல்பல்ல. நிற்கும்போது எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு முன்னங்கால்களில்தான் விழுகிறது. இரண்டும் சமமாகப் பங்கிட்டுக்கொள்வதுதான் வழக்கம். ஒரு முன்காலை அடிக்கடி முன்னே நீட்டி வைத்தால் அந்தக் காலில் ஏதோ வலி இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

நடைக்கு வருவோம். மெதுவாக நடக்கும்போது நான்கு குளம்பும் தனித்தனியாக விழும்: இடது பின், இடது முன், வலது பின், வலது முன். நான்கு சத்தம் சீராகக் கேட்கும். டிராட் என்ற துள்ளுநடையில் மூலைவிட்டமாக இரண்டிரண்டு கால் சேர்ந்து விழும், அதனால் இரண்டு சத்தம். அதைவிட வேகமான கேன்டர் என்ற ஓட்டத்தில் மூன்று: முதலில் ஒரு பின்கால், பிறகு ஒரு மூலைவிட்ட ஜோடி, கடைசியில் மற்ற முன்கால், அதன்பின் ஒரு கணம் நான்கும் காற்றில். நாலுகால் பாய்ச்சலில் அந்த ஜோடியும் பிரிந்து மறுபடி நான்கு சத்தம். பாய்ச்சலில் நான்கு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழுகின்றனவா என்பது வெகுகாலம் வாதமாகவே இருந்தது. 1878-இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் 12 கேமராக்களை வரிசையாக வைத்து எடுத்த படங்கள் அதைத் தீர்த்துவைத்தன. எழுகின்றன, ஆனால் ஓவியர்கள் வரைந்ததுபோல முன்னும் பின்னும் நீட்டிய நிலையில் அல்ல, நான்கும் வயிற்றுக்கடியில் மடங்கிக் கூடும்போது. பாய்ச்சலில் ஒரு முன்காலின்மேல் விழும் விசை உடல் எடையைப்போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு வரை போகும். தசைநாண்கள் அப்போது அறுபடும் எல்லைக்குப் பக்கத்தில்தான் வேலை செய்கின்றன. பந்தயக் குதிரைகளுக்கு முன்காலின் பின்பக்கத் தசைநாண் அடிக்கடி கிழிவதில் வியப்பில்லை.

நொண்டலைக் கண்டுபிடிக்க டிராட்தான் நல்லது. எடை இரு பக்கமும் சமமாக விழும் நடை என்பதால் சின்ன வித்தியாசமும் வெளியே தெரியும். கெட்டியான சமதரையில், கயிற்றைத் தளர்வாகப் பிடித்து, நேர்க்கோட்டில் ஓடவிடுங்கள். முன்காலில் வலி என்றால், வலிக்கும் கால் தரையில் படும்போது தலை மேலே தூக்கும், நல்ல கால் படும்போது கீழே இறங்கும். பின்காலில் வலி என்றால் பின்னாலிருந்து இடுப்பைப் பாருங்கள். வலியுள்ள பக்கத்து இடுப்பு அதிகமாக ஏறி இறங்கும். கயிற்றை இறுக்கிப் பிடித்தால் தலையாட்டம் மறைந்துபோகும். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். இரண்டு முன்காலும் ஒருசேர வலித்தால் தலையாட்டமே இருக்காது. எடுத்துவைக்கும் அடியின் நீளம் மட்டும் குறுகியிருக்கும், அதைச் சோம்பல் என்று நினைத்துவிடுவார்கள்.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. லாமினைட்டிஸ் என்பது நான் முன்பு சொன்ன அந்த மடிப்புகளின் பிடி தளர்ந்துபோகும் நோய். பிடி விட்டால் என்ன ஆகும்? மேலிருந்து உடம்பின் எடை எலும்பைக் கீழே தள்ளுகிறது. எலும்பின் பின்பக்கத்தில் பதிந்திருக்கும் ஆழத் தசைநாண் பின்னோக்கி இழுக்கிறது. தரையோ குளம்பின் முன்நுனியை நெம்புகிறது. மூன்றும் சேர்ந்து எலும்பின் முன்முனையைக் கீழ்நோக்கித் திருப்பிவிடும். சிலவற்றில் எலும்பு முழுவதுமே கீழே இறங்கும். முற்றினால் முனை அடிப்பகுதியைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். எலும்பு முறிந்த காலுக்குக் கட்டுப் போட்டு நாம் படுக்கையில் கிடப்பதுபோல வாரக்கணக்கில் படுத்துக் கிடக்கும் உடம்பு குதிரைக்கு இல்லை. நின்றாக வேண்டும், நிற்பதே காயத்தைப் பெரிதாக்கும். சிக்கல் அங்கேதான்.

காரணங்களில் இன்று அதிகம் காணப்படுவது ரத்தத்தில் இன்சுலின் மிகுவது. கொழுத்த குதிரைகளும் மட்டக்குதிரைகளும் இனிப்புச்சத்து மிகுந்த பசும்புல்லையும் தானியத்தையும் தின்னும்போது இது வரும். அடுத்து, கட்டறுத்துப்போய்த் தானிய மூட்டையைக் காலிசெய்வது, குட்டி போட்ட பிறகு நஞ்சுக்கொடி விழாமல் தங்குவது, கடுமையான குடல் அழற்சி போன்றவற்றால் உடம்பில் நஞ்சு பரவி வருவது. மூன்றாவது வகை, ஒரு கால் முறிந்து மறு கால் எல்லா எடையையும் சுமக்கும்போது அந்த நல்ல காலிலேயே வருவது. 2006-இல் அமெரிக்காவின் ப்ரீக்னஸ் பந்தயத்தில் பார்பரோ என்ற குதிரைக்கு வலது பின்கால் நொறுங்கியது. அறுவை சிகிச்சை செய்து உலோகத் தகடு வைத்தார்கள். சில வாரங்களில் இடது பின்காலில் லாமினைட்டிஸ் வந்தது, பிறகு முன்கால்களிலும். 2007 ஜனவரியில் கருணைக்கொலை செய்ய வேண்டியதாயிற்று. மருத்துவ வசதிக்கு அங்கே குறைவே இல்லை. நிற்க ஒரு நல்ல கால் மிஞ்சாததுதான் பிரச்சினை.

அடையாளம் தெளிவானது. முன்கால் இரண்டையும் முன்னே நீட்டி, பின்கால்களை வயிற்றுக்கடியில் கொண்டுவந்து, எடையைக் குதிப்பக்கம் சாய்த்து நிற்கும். திரும்பச் சொன்னால் தயங்கும், கல்தரையில் நடக்க மறுக்கும், ஓயாமல் கால் மாற்றும். குளம்புக்கு மேலே இருக்கும் மூட்டின் பின்பக்கம், இரண்டு ஓரங்களிலும் விரல் வைத்துப் பாருங்கள். சுகமான குதிரைக்கு அங்கே நாடி தேடித்தான் கிடைக்கும். குளம்புக்குள் அழற்சி இருந்தால் விரலைத் தள்ளுவதுபோல அடிக்கும். குதிரை சுகமாக இருக்கும் நாளிலேயே அந்த நாடியைத் தொட்டுப் பழகி வையுங்கள், ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும். சந்தேகம் வந்ததுமே மருத்துவரைக் கூப்பிடுங்கள். அவர் வரும்வரை தானியத்தை நிறுத்தி, மெத்தென்ற படுக்கை போட்டு, ஐஸ் கலந்த நீரில் குளம்பையும் அதற்கு மேலே கால் பாதி வரையும் மூழ்கவையுங்கள். குளிர் ஆரம்பத்திலேயே கொடுத்தால்தான் பலன் அதிகம். 'நடக்கவிட்டால் ரத்தம் ஓடும்' என்று இழுத்துக்கொண்டு நடப்பது பழைய பழக்கம். பிடி தளர்ந்த மடிப்புகளை அது இன்னும் கிழிக்கும். தானிய மூட்டையைத் தின்றுவிட்டது தெரிந்தால், கால் நன்றாகத்தான் இருக்கிறதே என்று காத்திருக்க வேண்டாம். குளம்பில் அறிகுறி வருவதற்குள் உள்ளே சேதம் தொடங்கியிருக்கும்.

குளம்பு நோய் எல்லாமே இப்படி உயிரை வாங்காது. நேற்று நன்றாக இருந்த குதிரை இன்று ஒரு காலை ஊன்றவே ஊன்றாமல் மூன்று காலில் நின்றால், பார்ப்பவர் எலும்பு முறிவு என்றே பயப்படுவார். பெரும்பாலும் அது குளம்புக்குள் கட்டிய சீழ். இறுகிய சுவருக்குள் வீங்க இடமில்லாததால் வலி அவ்வளவு கடுமை. சரியான இடத்தில் சீவி வழி விட்டால் வலி வேகமாகக் குறையும். பிறகு சில நாள் மருந்துக்கட்டு. கவனிக்காமல் விட்டால் சீழ் மேலேறி மயிர்விளிம்பில் உடைத்துக்கொண்டு வரும். ஃபிராக்கின் பள்ளங்களில் கறுப்பாகக் கசிந்து நாற்றம் அடிப்பது, ஈரத்திலும் சாணத்திலும் நிற்பதால் வரும் அழுகல். தினமும் குளம்புக் கொக்கியால் குதிப்பக்கத்திலிருந்து நுனி நோக்கித் தோண்டிச் சுத்தம் செய்து, உலர்ந்த தரையில் நிறுத்தினாலே பாதி சரியாகிவிடும்.

சர்ச்சையாக இருப்பவற்றையும் பிரித்துச் சொல்ல வேண்டும். லாடம் வேண்டுமா, வெறுங்குளம்பு போதுமா என்பதில் இரு தரப்பும் அடித்துப் பேசுகிறார்கள். என் கருத்தில் அது தரையையும் வேலையையும் குதிரையையும் பொறுத்தது; வளர்வதைவிட வேகமாகத் தேய்ந்தால் லாடம் வேண்டும், இல்லாவிட்டால் ஒழுங்காகச் சீவினாலே போதும். குளம்பை 'இரண்டாவது இதயம்' என்பது மிகை. எடை விழுந்து எழும்போது குளம்பில் தேங்கும் ரத்தம் மேலே தள்ளப்படுவது உண்மை, அதற்காக இதயத்தின் வேலையை அது செய்வதில்லை. எடை விழும்போது குதி விரிவதற்குக் காரணம் ஃபிராக்கைத் தரை மேலே தள்ளுவதா, எலும்பு கீழே இறங்குவதா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. வெள்ளைக் குளம்பு கறுப்பைவிட மென்மையானது என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் போதாது. பயோட்டின் என்ற வைட்டமினைத் தினம் 15 முதல் 20 மில்லிகிராம் கொடுத்த சோதனைகளில் பலவீனமான குளம்பின் தரம் கூடியது. ஆனால் பலன் புதிதாக வளரும் பகுதியில்தான் தெரியும், ஆகவே முன்பு சொன்ன அந்த 9 முதல் 12 மாதக் கணக்குப்படி காத்திருக்க வேண்டும். ஒரு மாதத்தில் பலன் என்று விற்கும் டப்பாவை நம்பாதீர்கள்.

எழுத்தில் படித்து ஒரு குளம்பை மதிப்பிட முடியாது, படத்தைப் பார்த்தும் ஓரளவுக்குத்தான் முடியும். உள்ளே எலும்பு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதை எக்ஸ்ரேதான் சொல்லும். உங்களிடம் குறிப்பிட்ட ஒரு குதிரை இருந்தால், சமமான கெட்டித் தரையில் நிறுத்தி, கேமராவைத் தரையோடு வைத்துப் பக்கவாட்டில் ஒரு படம், முன்னாலிருந்து ஒன்று, காலைத் தூக்கிச் சுத்தம் செய்த அடிப்பகுதி ஒன்று எடுங்கள். மேலிருந்து சாய்வாக எடுத்த படத்தில் எல்லாக் குளம்பும் கோணலாகத்தான் தெரியும். குளம்பில் ஆணியோ கம்பியோ குத்தியிருப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்றால், படமெல்லாம் பிறகு. குதிரையை நகர்த்தாதீர்கள். முடிந்தால் மருத்துவர் வரும்வரை ஆணியைப் பிடுங்காதீர்கள். அது எந்தத் திசையில், எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று எக்ஸ்ரேயில் பார்க்க வேண்டும். ஊன்றும்போது இன்னும் ஆழமாக இறங்கும் என்றால் மட்டும் எடுத்துவிட்டு, குத்திய இடத்தைக் குறித்து, ஆணியைப் பத்திரப்படுத்துங்கள். ஃபிராக்கின் நடுப்பகுதியில் குத்தியிருந்தால், வெளியே சின்னத் துளையாகத் தெரிந்தாலும், மூட்டுப் பையைத் தொட்டிருக்கக்கூடும். அன்றைக்கே மருத்துவர் பார்த்தாக வேண்டும். டெட்டனஸ் ஊசி போட்ட தேதியையும் தேடி வையுங்கள், குதிரைகளுக்கு அந்த நோய் மிகச் சுலபமாகத் தொற்றும்.